அண்ணி எழுதிய இயற்பியல் பரீட்சை

அவளைப் பல்கலைக்கழகத்தில் கார்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை யாராவது வாசித்தால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் கையைத் தூக்குவாள். கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாக நோட்டில் இறக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருமுறை கணித விரிவுரையாளரின் சாக்பீஸ் உடைந்து, சமன்பாட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டது. வகுப்பில் மற்ற எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் அந்தக் கோட்டையும் எழுதிக்கொண்டாள். அதோடு விட்டாளா? பரீட்சையிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே நீளத்தில் இழுத்து வைத்தாள். திருத்தியவர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘இது என்ன?’ என்று எழுதியிருந்தார். அவளுக்கும் தெரியாது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது.

மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மக்காக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. எந்தக் கணக்கானாலும் இருபது தடவை எழுதுவாள். ஐந்தாவது தடவையில் நோட்டை மூடிவிடுவாள். பத்தாவது தடவையில் யோசிப்பதை நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் கைதான் எழுதும். அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் முழுக்க அந்தக் கைதான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டது.

அங்கேதான் வந்தது வினை. எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் டி போட்டுக் கேட்டார்கள். கை திருதிருவென்று விழித்தது. வகைக்கெழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஹெச் என்று ஒரு குட்டி எண்ணை எடுத்துக்கொள் என்றார்கள், அதால் வகுத்தார்கள். வகுக்க வேண்டுமானால் அது பூஜ்யமாக இருக்கக் கூடாது, சரி, ஒத்துக்கொள்ளலாம். நாலு வரி கழித்து அதே ஹெச்சைப் பூஜ்யம் என்று சொல்லித் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். காரியம் ஆகிறவரை வா ராசா, காரியம் முடிந்ததும் நீ யாரோ நான் யாரோ. வீட்டில் ஒருத்தர் இப்படி நடந்துகொண்டால் அவரோடு பேச்சுவார்த்தையே இருக்காது. இங்கே அதற்குப் பத்து மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

இயற்பியல் இன்னும் மோசம். மேசை மேல் புத்தகம் சிவனே என்று கிடக்கிறது; மேசை அதை மேலே தள்ளுகிறதாம். மேசைக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? மேலே எறிந்த பந்தின் மேல் கீழ்நோக்கிய விசை மட்டும்தான் இருக்கிறதாம். அப்படியானால் அது மேலே போவது எதனால், தன் இஷ்டத்துக்கா? எறிந்த கையின் பலம் பந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, போகப் போகத் தீர்ந்துபோகும் என்றுதான் அவள் எட்டு வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "சந்தேகம் இருக்கா?" என்று விரிவுரையாளர் கேட்கும்போதெல்லாம், வகுப்பில் முதல் ஆளாக இல்லை என்று தலையாட்டியது அவள்தான். விடை மைனஸில் வர வேண்டிய இடத்தில் பிளஸில் வந்து நின்றால், கடைசி வரிக்கு முன்னால் சத்தம் போடாமல் ஒரு மைனஸைச் சொருகிவிடுவாள்.

முதலாம் ஆண்டின் அடிப்படைத் தாளில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்து வரும். தேற நாற்பது வேண்டும். முதல் முறை முப்பத்தொன்று, அடுத்த முறை முப்பத்து மூன்று, மூன்றாவது முறை இருபத்தெட்டு. நான்காவது முறைதான் கடைசி. அதிலும் கவிழ்ந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். இதில் என்ன கூத்து என்றால், அவள் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தாள். அந்தத் தாளில் என்றைக்கோ தேறிவிட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவளுடைய அண்ணன், எந்த வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தாலும், "என் தங்கச்சி மூணாவது வருஷம், இன்னும் ஒரு வருஷம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பான்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பீரோ மேல் கிடந்த இயற்பியல் புத்தகத்தை எடுக்க அவள் ஸ்டூல் மேல் ஏறினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக நோட்டை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்: ஸ்டூல் சறுக்கி, வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு. புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருந்த குமாஸ்தா அவள் கையைப் பார்த்தார், ஒரு படிவத்தை நீட்டினார்.

"நீங்க வாயால சொல்லணும், பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எழுதுவாங்க. ஆளை நீங்களே கூட்டிட்டு வரலாம், சொந்தக்காரங்களா இருந்தாலும் பரவாயில்ல. ஒரே நிபந்தனைதான். அவங்களுக்குக் கணக்கும் இயற்பியலும் சுத்தமா தெரியக் கூடாது."

"அப்படி ஆளுக்கு எங்க சார் போறது?"

"ஊர் முழுக்க அவங்கதானம்மா" என்றார் குமாஸ்தா.

அண்ணன் மனைவியின் ஞாபகம்தான் வந்தது. அண்ணி இவளைவிட நாலு வயது மூத்தவள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு அடித்துக்கொண்டு இருப்பவர்கள். இவள் சீப்பை அண்ணி எடுத்ததும், அண்ணி துண்டை இவள் எடுத்ததுமாக, இரு தரப்பிலும் நீண்ட குற்றப்பட்டியல் உண்டு. அண்ணனைக் குறை சொல்வது ஒன்றில்தான் இருவரும் கூட்டணி. ஆனால் அண்ணியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுதான் அவள் தொழிலே. கேக் கடையில் கேக் மேல் எழுதுகிறவள் அவள்.

கடையின் பின்கட்டில், இரும்பு மேசைக்கு முன்னால், கிரீம் கோனைக் கையில் பிடித்தபடி அண்ணி ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது கார்பன் போய் நின்றாள். அண்ணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் சொல்வதை முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு அதை அவருக்கே படித்துக் காட்டுவாள். உணர்ச்சி, ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி இருக்கும்.

"‘என் வாழ்வின் ஒளியே, என்னை மன்னித்துவிடு, இப்படிக்கு கிளை மேலாளர்.’ சரியா?"

டை கட்டியிருந்த அந்த ஆள் தன் வாசகத்தைத் தன் காதால் கேட்டு, முகம் சிவந்து, "கிளை மேலாளர் வேண்டாம்" என்றார். அண்ணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை அடித்தாள்.

"எதுக்கு அண்ணி படிச்சுக் காட்றீங்க?" என்று கார்பன் கேட்டாள்.

"காகிதத்துல தப்பு வந்தா கிழிச்சுப் போடலாம். கேக்குல வந்தா யார் தின்னறது?" என்ற அண்ணி, அவள் நீட்டிய படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் கோனைக் கீழே வைத்தாள். "ஏண்டி, முதலாம் ஆண்டுன்னு போட்டிருக்கு?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. கார்பன் மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தொன்று, முப்பத்து மூன்று, இருபத்தெட்டு, கடைசி வாய்ப்பு, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"உங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வீட்டுல இருக்க முடியுமா அண்ணி?"

அண்ணி படிவத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு, "எழுதறேன். ஆனா நான் அவர்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அவரா கேக்காதவரைக்கும் வாயைத் திறக்கல, அவ்வளவுதான்" என்றாள். "அப்புறம் இன்னொண்ணு. இனிமே என் துண்டைத் தொடக் கூடாது."

மறுநாளிலிருந்து, கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் பின்கட்டில் ஒத்திகை. முதல் நாளே சந்தி சிரித்தது.

"தொகையீட்டுக் குறி போடுங்க அண்ணி."

"அது எப்படி இருக்கும்?"

"உயரமா, மேல கொஞ்சம் வளைஞ்சு, கீழ கொஞ்சம் வளைஞ்சு. பாம்பு எழுந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி."

"பாம்பு எதுக்கு எழுந்து நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி வரைந்தாள். மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி, நடுவில் ஒரு இலை.

"இலை வேண்டாம் அண்ணி."

"மொட்டையா இருக்கேடி."

இலையை எடுத்தார்கள். கார்பன் சொல்லத் தொடங்கினாள். முதல் வரி வந்தது, இரண்டாம் வரி வந்தது, மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். மாவுக்கட்டுக்குள் விரல்கள் மட்டும் துடித்தன.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"இருங்க அண்ணி, கையில இருக்கு."

"கையில மாவுக்கட்டுதான் இருக்கு. வாய்ல என்ன இருக்கு?"

வாயில் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். இருபது தடவை எழுதிய எல்லாம் அந்தக் கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, மேலே கட்டும் போட்டாகிவிட்டது. இடது கையால் காற்றில் எழுதிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், எதிர்வீட்டுத் துணிகளைக் கற்பனை செய்துகூடப் பார்த்தாள். ம்ஹூம். மூன்று வருஷமாகத் தனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், நேரம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கு ஒரு எழவும் தெரியாது என்பது அந்த இரும்பு மேசை முன்னால் விளங்கியது. பயந்தாள், நன்றாகவே பயந்தாள்.

கையில் இல்லாவிட்டால் போகட்டும், நினைவில் இருப்பதைச் சொல்லலாம் என்று அடுத்த நாள் பந்துக் கணக்குக்குப் போனாள். அவள் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினாள். பத்தி முடிந்ததும் பழக்கதோஷத்தில், கிளை மேலாளருக்குப் படித்த அதே குரலில், படித்துக் காட்டினாள்.

"‘பந்து உச்சியில் நின்றுவிடுகிறது. எனவே உச்சியில் அதன் மேல் உள்ள விசை பூஜ்யம். பிறகு பந்து கீழே விழுகிறது.’ சரியா?"

கார்பன் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். எழுதும்போது எத்தனையோ தடவை எழுதிய வரி இது. காதால் கேட்டது இதுதான் முதல் தடவை.

"சரியில்ல அண்ணி."

"என்ன சரியில்ல? நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன், ஒரு சொல்லு மாறல."

"அதில்ல. விசையே இல்லன்னா அது அங்கயேதானே நிக்கணும்? ஏன் விழுது?"

"என்னைக் கேட்டா? உன் பந்து."

"நான் கையில இருக்கற பலம் பந்துக்குள்ள இருக்கும், மேல போய் தீந்துடும்னு..."

"தீந்துபோகட்டுமே. அதுவரைக்கும் பூமி என்ன தூங்கிட்டா இருந்துச்சு? கேக் வெந்துடும், சீக்கிரம் சொல்லு."

அண்ணி எரிச்சலில் சொன்னது அது. அதில் பாடம் எதுவும் இல்லை. அடுப்பில் இருந்த கேக்கைப் பற்றிய கவலைதான் இருந்தது. ஆனால் கார்பன் எழுந்து நின்றுவிட்டாள். பூமி தூங்கவே இல்லை. கையை விட்ட நொடியிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில்தான் மேலே போகும் வேகம் குறைகிறது, ஒரு கணம் பூஜ்யமாகிறது, பிறகு கீழ்ப்பக்கம் கூடுகிறது. வேகம்தான் நிற்கிறது. இழுப்பு நிற்கவில்லை. பந்துக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எட்டு வயதிலிருந்து குடியிருந்த ஆளை ஒரு மதியத்தில் காலி செய்தாயிற்று.

அதன்பிறகு அவளே ஆரம்பித்துவிட்டாள். "படிங்க அண்ணி, படிங்க." அண்ணி படிப்பாள். தன் வாசகத்தின் லட்சணத்தைக் கேட்டு இவள் தலையில் அடித்துக்கொள்வாள், அடிக்கச் சொல்வாள், மாற்றிச் சொல்வாள். ஹெச் விஷயமும் அப்படித்தான் தீர்ந்தது. "‘ஹெச் பூஜ்யம் இல்லை, எனவே வகுக்கிறோம். ஹெச் பூஜ்யம், எனவே விட்டுவிடுகிறோம்.’ சரியா?" என்று அண்ணி படித்ததும், "ஐயையோ, பச்சைப் பொய்" என்று கத்தினாள். ஹெச்சை யாரும் பூஜ்யமாக்கவில்லை. அது சின்னதாகிக்கொண்டே போனால் விடை எந்த எண்ணை நெருங்கிப் போகிறது என்றுதான் கேட்கிறார்கள் என்பது இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு பிடிபட்டது. எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திசையன் வெளி என்றால் என்னவென்று அவளுக்குப் பரீட்சைவரை விளங்கவில்லை. அதைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள்.

பரீட்சை அன்று அவர்களுக்குத் தனி அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் கையில் நோட்டோடு ஒரு கண்காணிப்பாளர் அம்மாள். "எழுதறவங்க கேள்வி கேக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. எழுதினதைப் படிச்சுக் காட்டலாம்" என்று விதியை வாசித்துவிட்டு உட்கார்ந்தவர், பிறகு கண்ணை இவர்கள் மேலிருந்து எடுக்கவே இல்லை.

பாதிவரை தேவலாம். ஆறாவது கேள்வியில்தான் வியர்த்தது. மேசை மேல் புத்தகம் இருக்கிறது, அதைக் கையால் கீழே அழுத்தினால் மேசை புத்தகத்தின் மேல் செலுத்தும் விசை மாறுமா, காரணம் கூறுக. ஒத்திகையில் வராத கேள்வி. நோட்டில் இருந்த வரி ஞாபகம் வந்தது, சொன்னாள். அண்ணி எழுதினாள், படித்தாள்.

"‘மேசை தரும் விசை எப்போதும் புத்தகத்தின் எடைக்குச் சமம். கையால் அழுத்தினாலும் மாறாது.’ சரியா?"

எப்போதுமா? அப்படியானால் கை அழுத்தும் அழுத்தத்துக்கு யார் பதில் சொல்வது? புத்தகம் மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே போக வேண்டுமே!

"அடிச்சிடுங்க அண்ணி."

விடைத்தாளில் இதுவரை ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் எழுதியே பழகிய கார்பன் சொன்னாள் இதை. அண்ணி அடித்தாள். கார்பன் கொஞ்ச நேரம் எதிரிலிருந்த மேசையையே பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மேசை விறைப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்குகிறது. பஞ்சு போன்ற கேக்கை விரலால் அழுத்தினால் அமுங்கி, விரலைத் திருப்பித் தள்ளுவது போல. அதிகம் அழுத்தினால் அதிகம் அமுங்கும், அதிகம் தள்ளும். ஆகவே மேசையின் விசை கூடும். புத்தகம் அசையாமல் இருப்பதால், எடையும் கையின் அழுத்தமும் சேர்ந்த அளவுக்குக் கூடும். அண்ணி எழுதிப் படித்தாள். "சரி" என்றாள் கார்பன். இன்னொரு கேள்வியிலும் இதே கதை நடந்தது: எழுதினார்கள், படித்தார்கள், அடித்தார்கள், மாற்றினார்கள். மூலையில் அந்த அம்மாள் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது கார்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "தேறிடுவேன் அண்ணி" என்றாள். வாழ்நாளில் முதல்முறையாகக் காரணத்தோடு சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பாதுகாவலர் பெயருக்கு வந்ததால் அண்ணன்தான் பிரித்தான். முதலாம் ஆண்டுத் தாளில், நான்காவதும் இறுதியுமான முயற்சியில், சொல்வதை எழுதியவர் மாணவிக்கு உதவியதாகச் சந்தேகம் எழுந்திருப்பதால் இருவரும் விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் உறுதியானால் பெயர் நீக்கப்படும். அண்ணன் அதை மூன்று தடவை படித்தான்.

"மூணு வருஷமா?" என்று தங்கையைக் கேட்டான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியும்" என்றான். அதற்குமேல் இரண்டு நாளைக்கு அவன் யாரோடும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது இருவருக்கும்.

விசாரணை அறையில் துறைத் தலைவரும், விடைத்தாளைத் திருத்திய பேராசிரியரும், தட்டச்சு செய்ய அதே குமாஸ்தாவும் இருந்தார்கள். திருத்தியவர் நான்கு தடவை எழுதிய விடைத்தாள்களையும் பரப்பி வைத்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி மூணு தடவையும் ஈயடிச்சான் காப்பி. நோட்டுல இருக்கறது அப்படியே இருக்கு. இந்தத் தடவை நோட்டுல இல்லாத விளக்கம். கண்காணிப்பாளர் குறிப்புப்படி, எழுதினவங்க சத்தமா படிச்சிருக்காங்க, உடனே விடை மாறியிருக்கு. அதுவும் ரெண்டு தடவை. ‘சரியா’ன்னு கேட்டா தப்புன்னு அர்த்தம்போல. போதாக்குறைக்கு உதாரணத்தைப் பாருங்க, பஞ்சு கேக்! எழுதினவங்க எங்க வேலை செய்யறாங்க? கேக் கடையில."

கேட்கக் கேட்கக் கார்பனுக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் கொடுமை. புரியாமல் எழுதிய மூன்று தடவையும் யாரும் சந்தேகப்படவில்லை. புரிந்து சொன்ன ஒரே தடவை திருட்டாகப் போய்விட்டது.

"நானா?" என்றாள் அண்ணி. "எனக்கா இயற்பியல் தெரியும்னு சொல்றீங்க?" அவளுக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் பட்டாள்.

துறைத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரே ஒரு கேள்விம்மா. ஒரு கிலோ கேக் ஒண்ணு, அஞ்சு கிலோ கேக் ஒண்ணு. மொட்டைமாடியில இருந்து ரெண்டையும் ஒரே நேரத்துல கீழ விடறோம். காத்தோட தடையைக் கணக்குல எடுக்க வேண்டாம். எது முதல்ல தரையைத் தொடும்?"

"அஞ்சு கிலோ" என்றாள் அண்ணி. "இதெல்லாம் ஒரு கேள்வியா? முதல்ல கேக்கைக் கீழ விட்டவன் யாருன்னு சொல்லுங்க."

"தப்பு அண்ணி" என்றாள் கார்பன்.

"எது தப்பு? தினம் தூக்கறவ நான். அஞ்சு கிலோ தோளைப் பிச்சு இழுக்கும்."

"அஞ்சு மடங்கு இழுக்கும், ஒத்துக்கறேன். ஆனா அசைக்க வேண்டியதும் அஞ்சு மடங்கு இருக்குல்ல? இழுப்பும் அஞ்சு மடங்கு, சுமையும் அஞ்சு மடங்கு. வேகம் ஒண்ணாத்தான் கூடும்."

"சும்மா வாய்ல பந்தல் போடாதடி."

"சரி, ஒரு கிலோ கேக் அஞ்சை வரிசையா வெச்சு ஒண்ணா விடறேன். எப்படி விழும்?"

"ஒண்ணாத்தான் விழும். எல்லாம் ஒரே கேக்தானே."

"இப்ப நடுவுல கிரீமைத் தடவி அஞ்சையும் ஒட்டிட்டேன். அஞ்சு கிலோ கேக் ஆயிடுச்சு. கிரீம் தடவினதால வேகமா போயிடுமா?"

"கிரீம் ஒட்டத்தான் செய்யும், ஓடச் செய்யாது."

"அப்ப?"

அண்ணி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். "என்ன சொன்னாலும் அஞ்சு கிலோதான் முதல்ல விழும்" என்றாள்.

"ஐயோ அண்ணி, இப்பத்தானே நீங்களே ஒத்துக்கிட்டீங்க!" என்று கார்பன் நாற்காலியை விட்டு எழுந்து, இடது கையால் மேசை மேல் தட்டினாள். பரப்பியிருந்த விடைத்தாள் ஒன்று பறந்து கீழே விழுந்தது. அப்போதுதான் அறையில் இன்னும் மூன்று பேர் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. உறைந்துபோய் உட்கார்ந்தாள். துறைத் தலைவர் திருத்தியவரைப் பார்த்தார். திருத்தியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குமாஸ்தா தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

அச்சான தாள் மேசைக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது: ‘சொல்வதை எழுதிய பெண்மணிக்கு இயற்பியலில் அடிப்படை அறிவுகூட இல்லை என்பது விசாரணையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. ஆகவே விடைகள் மாணவியுடையவையே. மதிப்பெண் நாற்பத்தாறு. தேர்ச்சி.’ கீழே நான்கு கையெழுத்துக்கு இடம். நான்காவது இடம் அண்ணிக்கு.

கார்பன் கண்ணில் முதலில் பட்டது நாற்பத்தாறு. அழுதுவிட்டாள், அடக்கவே முடியவில்லை. பெயர் இருக்கிறது, அண்ணன் முகத்தில் இனி விழிக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தபோதுதான் முதல் வரி கண்ணில் பட்டது. பக்கத்தில் அண்ணி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று வாரம் தன் வேலையைப் போட்டுவிட்டு எழுதியவள், தன்னால் புருஷனிடம் பேச்சு இழந்தவள், இப்போது முட்டாள் என்று பல்கலைக்கழக முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

"சார், அந்த முதல் வரியை எடுத்துடுங்க."

"அதை எடுத்தா மத்த வரி நிக்காதும்மா" என்றார் துறைத் தலைவர்.

"நிக்கலன்னா பரவாயில்ல சார்" என்றாள் கார்பன். "அவங்க படிச்சுக் காட்டலன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அந்த வரிக்குக் கீழ என் மார்க் வேண்டாம்."

குமாஸ்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நகருடி" என்று அவளை இடித்துத் தள்ளிவிட்டு, அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை வாங்கி, மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழியோடு கையெழுத்தைப் போட்டாள்.

"என்ன எழுதியிருக்காங்க? எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. தெரியாதுதானே? ‘எனக்குத் தெரியாது’ங்கறதுக்குக் கீழ கையெழுத்துப் போட எனக்கு அரை நிமிஷம் ஆச்சு" என்று சொல்லி, பேனாவை மூடிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுக் கார்பன் பக்கம் திரும்பினாள். "உனக்கு மூணு வருஷம் ஆச்சு. அப்பவும் கையை ஒடைச்சுக்க வேண்டியிருந்துச்சு."